வராத படம்

கடல் கொந்தளித்ததால் பேசாலை மீனவர் மரியதாஸ் ஒரு கிழமையாக வீட்டில்தான் இருந்தார். நாலு வயது மகள் மெரினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கப் பழக்கினார். அவளுக்கோ அது வரவேயில்லை.

"பிள்ளையை டொக்டரிட்டைக் காட்டுவமோ?" என்று மனைவி ஜெசிந்தா கலங்கினாள்.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது, ஜெசிந்தா கதவோரம் நின்று பார்த்தாள். மெரினா முழுப் படத்தையும் மளமளவென்று பொருத்தினாள். பிறகு அதைக் கலைத்துவிட்டு, "அப்பா, எனக்கு வரேல்லை!" என்று கூப்பிட்டாள்.

"வடிவாத்தானே பொருத்தினனி? பிறகேன் கலைச்சனி?" என்று ஜெசிந்தா உள்ளே வந்து கேட்டாள்.

"முடிச்சா அப்பா எழும்பிப் போயிடுவார், அம்மா."

ஜெசிந்தா அவளை வாரி மடியில் இருத்திக்கொண்டாள். தலை துவட்டியபடி வந்த கணவரிடம், "அட்டையும் கத்திரிக்கோலும் எடுத்துக்கொண்டு வாங்கோ. இதைவிடப் பெரிய படமொண்டு மூண்டு பேருமாய் இருந்து செய்வம்," என்றாள்.