மொய் மேசையில் ஒரு செக்

"ஐயாயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது!"

மொய் மேசை மேலிருந்த சின்ன ஸ்பீக்கர், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பணம் அனுப்பிய பெங்களூரு சித்தப்பா, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அன்புமணிக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை லாவண்யாவின் கல்யாணம். மொய்க்கு க்யூஆர் கோடு வைத்து, கூடவே ஸ்பீக்கரும் வைத்தது அவன் யோசனை.

"பாத்தியா? சில்லறைத் தொல்லை இல்ல, கவர் பிரிக்கிற வேலை இல்ல. நம்ம ஓசூர்ல யாரு வீட்டுக் கல்யாணத்துல இப்படி வச்சாங்க?" என்றான், பக்கத்திலிருந்த மனைவி சுகுணாவிடம்.

"அதெல்லாம் சரிங்க. ஆனா மேசைகிட்ட கூட்டத்தையே காணோமே?"

"பந்திக்குப் போயிருப்பாங்க. சாப்ட்டு வருவாங்க."

அப்போதுதான் நாராயணப்பன் உள்ளே வந்தார். பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். அன்புமணியின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். நேராக மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து செக் புக்கை எடுத்தார்.

"மாமா, செக்கா? இந்தாங்க, ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றான் அன்புமணி.

"எனக்கு அந்தப் போன் சமாச்சாரமெல்லாம் வராதுப்பா. பேனா இருந்தா குடு."

பேனாவைக் கொடுத்தான். இந்தச் செக்கை மாற்ற லீவு போட்டு பேங்குக்கு அலைய வேண்டும் என்று நினைக்கும்போதே அவனுக்குக் கசந்தது.

"யாரு பேருக்கு எழுதட்டும்? உன் பேருக்கா, பொண்ணு பேருக்கா?"

"லாவண்யா பேருக்கே எழுதுங்க மாமா."

"ஆயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது!"

நாராயணப்பன் திடுக்கிட்டார். பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போனது.

"போச்சு! இது கத்துற கத்துல எழுத்தே தப்பாயிடுச்சு." செக்கைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதைக் கொஞ்சம் நிறுத்துப்பா. நான் எழுதி முடிச்சுடறேன்."

"நிறுத்தினா பணம் வந்துச்சா இல்லையான்னு எப்படி மாமா தெரியும்?"

"போன்ல மெசேஜ் வருமாமே. அப்புறமா பாத்துக்க. கத்திக்கிட்டே இருந்தா என்னால எழுத முடியாது."

அன்புமணி பல்லைக் கடித்தான். சுகுணாதான் கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தாள்.

நாராயணப்பன் நிதானமாக ஆரம்பித்தார். லாவண்யா பேரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டார். மாப்பிள்ளை ஊர் எது என்று விசாரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். தேதியை எழுதிவிட்டு, மழை எப்படி என்று பேச்சை வளர்த்தார்.

அந்த நேரம் பார்த்து, லாவண்யாவோடு கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொருத்தராகக் குனிந்து ஸ்கேன் செய்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களை வாங்க என்று சொல்லக்கூட அன்புமணியை நாராயணப்பன் விடவில்லை.

"இங்க பாருப்பா, ரெண்டாயிரம்னு எழுத்துல போட்டது சரியான்னு படிச்சுப் பாரு" என்று செக்கை அவன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ஒருவழியாக மூலையில் இரண்டு கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, செக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டாயிரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்! எல்லாரும் தன்னையே பாக்கணும்னு ஆசை" என்று முணுமுணுத்தான் அன்புமணி.

"விடுங்க. பழைய காலத்து மனுஷன். போன் வரலன்னா என்ன பண்ணுவாரு?" என்றாள் சுகுணா.

பந்தி முடிந்து, தாம்பூலப் பை கொடுக்க அன்புமணி வாசலுக்கு வந்தான். எதிர்ப்பக்கம் பீடாக் கடையில் நாராயணப்பன் நின்றிருந்தார். கடைக்காரரிடம் கன்னடத்தில், "எஷ்டாய்த்து?" என்று விலை கேட்டார். போனை எடுத்தார், ஸ்கேன் செய்தார், நம்பரைத் தட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் பணம் கட்டிவிட்டு, பீடாவை வாயில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்புமணிக்கு ரத்தம் கொதித்தது. 'போன் வராதாம்! பதினஞ்சு ரூபா பீடாவுக்கு வருது, எங்க வீட்டு மொய்க்கு வரலையா?'

"அண்ணா, நாங்க கிளம்பறோம்."

திரும்பினான். லாவண்யாவின் தோழி சரிதா. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"சாப்டீங்களாம்மா?"

"திருப்தியா சாப்ட்டோம்ணா. பாயசம் ரெண்டு தடவ வாங்கிக்கிட்டோம். லாவண்யாகூட போட்டோவும் எடுத்துக்கிட்டோம். செகண்ட் ஷிப்ட்டு பஸ் வந்துடும், அதான்." சுற்றும் முற்றும் பார்த்தாள். "செக் எழுதினாரே, அந்த ஐயா எங்கண்ணா?"

"இப்பத்தான் போனாரு. ஏன்?"

"ஒரு தேங்க்ஸ் சொல்லணும்." சரிதா தயங்கினாள். "நாங்கல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்கண்ணா. ஐம்பது, நூறுதான் எங்களால முடியும். அந்த ஸ்பீக்கரு ஆயிரம், ஐயாயிரம்னு கத்தறதக் கேட்டுட்டு, உள்ள வரக் கூச்சமா இருந்துச்சு. மொய் வைக்காம எப்படிச் சாப்பிடறதுன்னு வாசலோட திரும்பிட்டோம். அவருதான் கார்லருந்து இறங்கி, ஏம்மா போறீங்கன்னு கேட்டாரு. சொன்னோம்."

"என்ன சொன்னாரு?"

"'கொஞ்சம் இருங்கம்மா. கார்ல செக் புக் கிடக்குது. நான் போய் எழுத உக்காந்து அந்தப் பொட்டி வாயை மூட வைக்கிறேன், நீங்க வந்து வச்சுட்டுப் பந்திக்குப் போங்க'ன்னாருண்ணா."