தூசிக்குச் சாத்திய ஜன்னல்

ஒரு ஊரிலே ஒரு ரோடு இருந்தது. சும்மா கிடக்கிற ரோட்டைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்குமே! அகலமாக்குகிறோம் என்று தோண்டினார்கள். வேலைக்குப் போகிற ஜனம் பாதி ஆயுளை பஸ்ஸிலும், மீதி ஆயுளைப் புலம்பலிலும் கழித்தது.

அந்த ரோட்டோரக் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு காப்பீட்டு ஆபீஸ். தலைமை அலுவலகம் மனமிரங்கி ஒரு சலுகை கொடுத்தது. ரோடு வேலை முடிகிறவரை எல்லோரும் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம்.

ஒருத்திக்கு மட்டும் அது கிடையாது. வரவேற்பு மேசைப் பெண். அவள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. ஆபீசில் அவள் பெயரே 'எதிர்வீடு' என்றாகிவிட்டது.

"நாலு எட்டு வெச்சா ஆபீஸ். உனக்கு எதுக்கும்மா சலுகை?" என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர் பெரிய கிளார்க். சொன்ன கையோடு ஆபீஸ் சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது அதே பெரிய கிளார்க் முன்னால் எதிர்வீடு தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் மேலாளர். விசாரணை என்றால் பெரிய கிளார்க்குக்குப் பசி தூக்கமே கிடையாது.

"ஏம்மா, ரோடு தோண்டின காலமெல்லாம் பள்ளத்துல இறங்கி, மண்மேட்டுல ஏறி, டாண்ணு ஒன்பதுக்குக் கதவைத் திறந்தே. இப்ப என்ன வந்துச்சு? பத்து நாளா ஒன்பதரை ஆகுது. நேத்து ஒரு பெரியவர் பூட்டைப் பார்த்துட்டுக் கத்திட்டுப் போயிருக்காரு."

"மன்னிச்சிருங்க சார்."

"இந்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். இந்த லட்சணத்துல நான் எப்படிச் சிபாரிசு பண்றது? எவ்வளவோ தூரத்துலேருந்து அல்லாடி அல்லாடி நாங்க வர்றோம். நேர் எதிர்ல இருக்கிற உனக்கு நோகுதா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவர் வருவது பத்து மணிக்கு. வழவழவென்று கிடக்கும் ரோட்டில் ஸ்கூட்டரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, வழியில் நின்று நிதானமாக ஒரு டீயும் குடித்துவிட்டு வருகிறார். அது வேறு விஷயம்.

"காரணத்தைச் சொல்லும்மா" என்றார் மேலாளர்.

"ரோடு திறந்ததிலேருந்துதான் சார் லேட்டாகுது."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. யாரோ இருமினார்கள். ரோடு திறந்தாச்சு என்ற வார்த்தையை அந்த ஆபீசில் இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"எந்த ரோடு?" என்றார் பெரிய கிளார்க்.

"நம்ம ரோடுதான் சார்."

"அது... இன்னும் வேலை நடக்குதுல்ல?" அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

எதிர்வீடு நேரே ஜன்னலுக்குப் போனாள். தோண்ட ஆரம்பித்த நாளில் தூசிக்கு பயந்து சாத்தி, இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டிய ஜன்னல். கிழித்துத் தள்ளித் திறந்தாள்.

கீழே புத்தம்புது ரோடு பளபளத்தது. கார்கள் பறந்தன. நடுவிலே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர், அதன் மேல் கம்பி வலை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு சந்து பொந்து இல்லாமல். அதற்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலில் ஓர் அம்மாள் குடையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தை சார். மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை மறந்துட்டேன். கூப்பிட்டா காது கேட்கிற தூரம். ஆனா கொண்டுவந்து கொடுக்கணும்னா பஸ் ஏறி, சுவர் முடியற திருப்பம் வரைக்கும் போய், இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு வரணும். நானும் தினம் அப்படித்தான் வர்றேன். பத்து நாளா எவ்வளவு முன்னாடி கிளம்பினாலும் ஒரு பஸ் இருந்தா இன்னொரு பஸ் இல்லை."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேலாளர்தான் தொண்டையைச் செருமினார்.

"இத்தனை நாளா உனக்குச் சலுகை தராதது தப்புதாம்மா. நாளையிலேருந்து நீயும் பத்து மணிக்கு வா. ரோடு வேலை முடியறவரைக்கும்."

"அதான் முடிஞ்சிருச்சே சார்?"

"யாரு பார்த்தா? உன் வேலை நிரந்தரம், நான் பார்த்துக்கறேன். முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. தூசி வருது."

பெரிய கிளார்க் ஓடிப்போய்த் தானே சாத்தினார்.

"அப்போ ஒன்பது மணிக்குக் கதவை யார் சார் திறக்கிறது?" என்று கேட்டாள் எதிர்வீடு.

எல்லோரும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

"மணி நாலாச்சு" என்றார் மேலாளர். "கிளம்புங்க கிளம்புங்க. நெரிசல்ல மாட்டினா வீடு போய்ச் சேர முடியாது."

திமுதிமுவென்று எல்லோரும் படியிறங்கினார்கள். எதிர்வீடு பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் பஸ்ஸுக்கு ஓடினாள். பெரிய கிளார்க் மட்டும், மேலாளரை வழியனுப்பாமல் போகக்கூடாதே என்று நின்றார்.

"பார்த்துப் போங்க சார்."

"என்னத்தப் பண்றது? தினம் இந்தப் பாடுதான்!" என்று பெருமூச்சு விட்டபடி, மேலாளர் தன் வீடு இருக்கும் இரண்டாவது மாடிக்குப் படியேறினார்.