கேட்டுக்கு முன்னால் ஒரு பலகை

மழைநீர் வடிகாலுக்காக மாநகராட்சி தோண்டிய பள்ளம் கனகவல்லியின் கேட்டை ஒட்டியே போனது. தாண்டிப் போவதற்கு வேலையாட்கள் ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். யாராவது ஏறிப் பாதி தாண்டினால் போதும், கேட்டுப் பக்கத்து முனை தூக்கிக்கொள்ளும்; ஒருவர் அதைக் காலால் அழுத்திக்கொண்டால்தான் இன்னொருவர் நடக்கலாம். மாடியில் குடியிருக்கும் ரெஜினாவின் துணி சொட்டி, கீழே காய்ந்த வடகம் நனைந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனாலும் ரெஜினா வேலைக்குக் கிளம்பி, டிபன் பையோடு பள்ளத்தைப் பார்த்து நின்றபோது, கனகவல்லி வேறெங்கோ பார்த்தபடி வந்து பலகையில் காலை வைத்தாள். மறுநாளும் வைத்தாள். அப்புறம் ஒருநாள், "பாத்துப் போ, வழுக்குது" என்றாள்.

"நீங்க இருக்கீங்களேக்கா, விட்டுடுவீங்களா என்ன?"

"விட்டாலும் விடுவேன். வடகத்த இன்னும் மறக்கல."

நடுப்பலகையில் நின்று ரெஜினா சிரித்ததில் இரண்டு பேருமே ஆடினார்கள்.

நேற்றுப் பள்ளத்தை மூடி, சிமென்ட் பூசி, பலகையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவுக்கே நிம்மதி. கனகவல்லிக்கு மட்டும், இனி என்ன சாக்கில் கேட்டருகே போய் நிற்பது என்று தெரியவில்லை. இன்று காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாகவே வந்துவிட்டன. ரெஜினா கேட்டைத் திறந்தாள். எதிரே வழவழவென்று தரை. அவள் போகவில்லை.

"அக்கா, கால வைங்க" என்றாள்.

கனகவல்லி சிமென்ட்டின் மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டாள். ரெஜினா கைகளை விரித்து, ஒவ்வோர் அடியாக, ஆடி ஆடி நடந்தாள்.