மாதிரி வரிகள்

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும் பாஸ். ஒன்றுகூடக் கோட்டை விடவில்லை. அப்படியும் வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

வாத்தியார் என்பது வேலை பார்த்த இடத்தில் வைத்த பட்டப்பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. எதை எழுதினாலும் பரீட்சை வைத்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

இப்போது பரீட்சை எழுதியது 'சல்லடை' என்ற புரோகிராம். ஒரு பக்கம் வரி வரியாக எழுத்தை உள்ளே விட்டால், கொடுத்த கமாண்டுப்படி திருத்தி மறுபக்கம் கொட்டும். இருபது வருடத்துக்கு முன்னால் அவரே எழுதியது; ஊருக்கெல்லாம் இலவசம்.

ஓர் இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் புட்டுக்கொள்ளும் சாதி அது. அதனால் எதைத் தொட்டாலும் பழைய சோதனைகள் அத்தனையையும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கமாண்டுப் பட்டியல் மூலம் மறுபடி ஓட்டிவிடுவார். மாதிரி வரிகள் உள்ளே போகும். வெளியே வருவது, வரவேண்டிய விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அந்தச் சோதனைகளில் பாதி, 'அரைப்புள்ளி' என்ற பெயரில் யாரோ அனுப்பியவை. கடைசி வரியை விழுங்குகிறது, எண்ணுக்குப் பக்கத்தில் தடுமாறுகிறது என்று வாரத்துக்கு ஒரு மெயிலாவது வரும். கூடவே அந்தப் பிழையைப் பிடிக்கும் சோதனையும் வரும்.

"கிடைத்தது. பிழை திருத்தி, சோதனை எண் 187 சேர்க்கப்பட்டது. நன்றி." இதுதான் வாத்தியாரின் பதில். ஒன்பது வருடமாக எண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அந்த அரைப்புள்ளியிடமிருந்து ஆறு வாரமாக ஒரு மெயில்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"சாப்டியாடா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"பரவால்ல."

"நல்லா பேசுறே போ! ரெக்கார்டு பண்ணி வெச்சதப் போட்டு விடுற மாதிரி."

போனை வைத்ததும் வீடு மறுபடி 'கம்'மென்று ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தார். வாரா வாரம் தன்னைத் தேடி வருவது அக்காவின் போனும் அரைப்புள்ளியின் மெயிலும் மட்டும்தான். இப்போது அதிலும் ஒன்று போய்விட்டது.

அரைப்புள்ளிக்கு 'நலமா?' என்று ஒரே ஒரு வார்த்தை டைப் செய்தார். அதற்கே அரை மணி நேரம் பிடித்தது. அனுப்பினார். நாலு நாள் காத்திருந்தும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை, பொழுது போகாமல் அரைப்புள்ளியின் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்ததோடு சரி, மாதிரி வரிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருநாளும் படித்ததில்லை.

ஒன்றில், எண்களுக்குப் பின்னால் பூஜ்யம் சேர்க்கும் கமாண்டு. உள்ளே போவது: 'மகள் போனில் 3 நிமிடம் பேசினாள்.' வரவேண்டிய விடை: 'மகள் போனில் 30 நிமிடம் பேசினாள்.'

இன்னொன்றில், 'நான்' என்று வரும் வரிகளை எல்லாம் நீக்க வேண்டும். பதினோரு வரி உள்ளே போய், ஒன்றுதான் மிச்சம்: 'ஜன்னல் திறந்தே கிடந்தது.'

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ஜீவன் ஒன்பது வருடமாகத் தன்னிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறது. தானோ, 'கிடைத்தது, நன்றி' என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

காற்புள்ளி வரும் இடமெல்லாம் வரியை உடைக்கும் சோதனை ஒன்று இருந்தது. அதன் மாதிரி வரி, ஒரு விலாசம். இதே ஊர்தான், இரண்டு பஸ் தூரம்.

மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

கதவைத் திறந்தது ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். வலது கையில் மாவுக்கட்டு. கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில்.

"யாருங்க வேணும்?"

"இங்க… அரைப்புள்ளின்னு…"

அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனார். "நான்தான். புரூஃப் பாக்குற வேலை, அதான் அந்தப் பேரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சல்லடையை எழுதினவன் நான்தாங்க. ஆறு வாரமா மெயில் வரலையேன்னு மனசு கேக்கல. நேரா பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டேன். கம்ப்யூட்டர் பக்கமே போகல." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்போ, 'கிடைத்தது, நன்றி'ன்னு பதில் வருமே, அது?"

"நான் போடுறதுதாங்க."

"நீங்களே உக்காந்து டைப் பண்ணியா?"

"ஆமா." வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பு என்னுதுதான். நீங்க இவ்ளோ சொல்லியும் நான் காதுல வாங்கிக்கவே இல்ல. நேத்துதான் படிச்சேன். உங்க பொண்ணு, அந்த மூணு நிமிஷம், எல்லாத்தையும். ஒரு வரி விடல."

அந்த அம்மாளின் முகம் குப்பென்று சிவந்தது. நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயய்யோ! மெஷின்தானே, யாரு படிக்கப் போறாங்கன்னுதானே அதையெல்லாம் எழுதினேன்!"