அசையாத ரசிகர்கள்

ஓர் ஆஸ்பத்திரியின் டோக்கன் மென்பொருளுக்குள் இரண்டு ஒலிக் கோப்புகள் குடியிருந்தன. ஒன்று, அரை நொடி 'டிங்'. மற்றது, மூன்று நிமிட வரவேற்பு இசை.

"நான் வாசிக்கும்போது இங்கே யாரும் வேறு வேலை பார்க்கக் கூடாது" என்று இசை, தன்னை ஒலிக்க வைக்கும் நிரல் வரியிடம் கறாராகச் சொல்லியிருந்தது.

"சரிங்க, நீங்க முடிக்கிற வரைக்கும் எல்லாரையும் நிறுத்தி வைக்கிறேன்" என்றது நிரல் வரி. அதற்கென்ன, சொன்னதைச் செய்கிற ஜாதி.

காலையில் வரவேற்பு மேசைக்கு வந்த ஜெசிந்தா மென்பொருளைத் திறந்தாள். இசை தொடங்கியது. திரையில் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை, டோக்கன் எண் நகரவில்லை. எதிரே வரிசை வாசல்வரை நீண்டது. மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தவள், பொறுமையிழந்து மென்பொருளையே மூடினாள்.

"என்னண்ணே, பாதியிலேயே நிறுத்திட்டாங்க?" என்றது டிங்.

"கவனிச்சியா தம்பி, ஒரு பட்டன்கூட அசையல. எல்லாரும் சொக்கிப்போய் நின்னாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் தாங்க முடியல, பாவம்."

ஜெசிந்தா மென்பொருளை மறுபடி திறந்தாள்.

"பார்த்தியா! முதல்லேருந்து கேக்கணுமாம்" என்று இசை தொண்டையைச் செருமிக்கொண்டது.