எடை கூடினவர்

எதிர்ப்பக்கம் பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை திறந்து ஒரு மாதமாகிறது. இந்தப் பக்கம் அதே தொழிலில் சின்னக் கடை வைத்திருந்த நம் கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை, தள்ளுபடிப் பலகையும் வைக்கவில்லை. இரண்டு முஷ்டியையும் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது பண்ணுங்களேன்," என்றாள் மனைவி. கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள்தான். இரண்டு நாளாகத் தேய்க்க ஒன்றும் வரவில்லை.

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். இதுக்குப் பேரு தற்காப்பு."

"எனக்குத் தெரிஞ்சு இதுக்குப் பேரு சும்மா உட்கார்றது."

சர்க்கரையைக் குறைக்க ஐம்பது வயதில் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்தவர் அவர். சர்க்கரை குறையவில்லை. தத்துவம்தான் ஏறியிருந்தது.

"அவசரப்பட்டுக் கை நீட்டாதே, எதிராளி ஆடி ஓயட்டும்னு கோச் சொல்லியிருக்கார்."

"மாசக் கடைசிக்குள்ள கடையை வச்சுக்கிறோமா, விடுறோமான்னு கட்டட ஓனர் கேட்டிருக்கார். அதுக்குக் கோச் என்ன சொன்னார்?"

அவர் முஷ்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அதுவும் தற்காப்புதான்.

கோச் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வகுப்பில் ஒரு தொண்ணூறு கிலோ ஆசாமி விட்ட குத்து பஞ்சு மாதிரி விழுந்தது. தன் தடுப்பின் பெருமை என்று இவர் பூரித்துப்போனார்.

"ரொம்பப் பூரிக்காதீங்க சார். பயிற்சியில எடை கூடினவர் கையை அடக்கித்தான் குத்தணும். இங்க அது சட்டம்," என்றார் கோச்.

இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே கடைக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உடைந்த ஃப்ரேம், கழன்ற திருகு, பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடி. மனைவிக்குத் தலை நிமிர நேரமில்லை. கடையைத் தொடர்வதாகக் கட்டட ஓனருக்குச் சொல்லியாயிற்று.

"பார்த்தியா? ஆடி ஓய்ஞ்சுட்டான்."

"யாரு?"

"எதிர்க்கடைக்காரன்தான். பாவம்."

மோதல் முடிந்ததும் தோற்றவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதும் வகுப்பில் படித்ததுதான். ஆறுதலாக நாலு வார்த்தை, முடிந்தால் கொஞ்சம் அறிவுரை என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்தார்.

உள்ளே உட்கார இடமில்லை. அவ்வளவு கூட்டம்.

ஆறடி உயர முதலாளி ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தார். "குழந்தைக்கா? எதிர்க்கடையில குடுங்கம்மா. நாங்க குழந்தைங்க கண்ணாடி செய்றதில்ல. அந்தக்கா அருமையா செஞ்சு தருவாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு வரிசை முழுக்கக் குழந்தைகளின் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒத்திகை பார்த்த ஆறுதல் மறந்தே போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"ஏன் சார் இப்படிப் பண்றீங்க?"

மாட்டிக்கொண்டவர் போல முதலாளி நெளிந்தார். பிறகு கையை நீட்டினார். அந்தப் பெரிய கை இவர் கையை நோகாமல் பிடித்தது.

"குத்துச்சண்டை வகுப்புக்கு நீங்க காலையில போறீங்க, நான் சாயங்காலம் போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே கோச்தான் சார்."