கதவு திறக்கும் பக்கம்

டேப்பின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான் இன்ஜினீயர்.

அவள் பிடித்துக்கொண்டாள்.

கூடம். படுக்கையறை. சமையலறை. அளந்து அளந்து செல்போனில் ஏற்றினான். வீட்டை வாங்கப்போகிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கணவன், மனைவி, தடி ஊன்றி நடக்கும் அவனுடைய அம்மா. அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி அனுப்பிய ஆள்தான் இன்ஜினீயர்.

காலையிலேயே அவளுடைய மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. அப்பா எங்கே, எப்படிப் போனார் என்று வாயைத் திறக்காதே. முன்பு பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் திரும்பி வரவே இல்லை.

அவளுக்கும் இந்த வீடு கையைவிட்டுப் போனால் போதும். குளிக்கக்கூடக் கொல்லைக் குழாயடிக்குத்தான் போகிறாள்.

பாத்ரூம் வந்தது.

இன்ஜினீயர் கதவைத் தள்ளினான். அது உள்ளே போய் வாஷ்பேசினில் இடித்து நின்றது. நுழைந்து, கதவைச் சாத்திய பிறகுதான் அவனால் திரும்பவே முடிந்தது. இத்தனூண்டு இடத்தில் யாராவது உள்பக்கம் திறக்கிற மாதிரி கதவு வைப்பார்களா என்று முணுமுணுத்தான்.

மேஸ்திரியும் அன்றைக்கு இதைத்தான் சொன்னார். அவள் கணவர் கேட்கவில்லை. எதிரே பூஜை அறை. பாத்ரூம் கதவு சாமியைப் பார்த்துத் திறக்கலாமா? வீட்டுக்கு பிளான் போட்டதே அவர்தான். என் வீட்டை எனக்குக் கட்டத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர்.

அந்த அம்மா பூஜை அறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள், இந்தக் கதவை மட்டும் மாற்றிவிடாதே என்றார் மகனிடம்.

பிறகு ஒரு நிமிஷம் என்று சொல்லி, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

இன்ஜினீயர் மறுபடி டேப்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

கணவனும் மனைவியும் அலமாரிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர்ச் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

பிறகு கதவு திறந்தது. அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார்.

அவள் தடியை எடுத்துக் கொடுத்தாள்.

"கதவ வெளிப்பக்கமா மாத்திருங்கம்மா."

எதிரே சாமி இருக்கிறதே என்றார் அவர்.

"இருக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரர் இங்கதான் விழுந்தாரு. கதவ ஒட்டியே. தள்ளாத, தள்ளாதன்னு உள்ள இருந்து சொல்லிட்டே இருந்தாரு."

அந்த மனைவி மெல்லக் கூடத்துப் பக்கம் நகர்ந்தாள். பெங்களூர் மகன் காலையில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தள்ளினாத்தானே உள்ள போக முடியும்," என்றாள்.